வக்கீல் குமாஸ்தாவும் கணிப்பொறியும்

மூன்றாம் ஆண்டு, பி.ஏ. வரலாறு

சுந்தரருடைய திருமணத்தை நடுவில் நிறுத்தியது ஓர் ஓலை. பெரிய புராணத்தைப் பாடமாகப் படித்த நம் கல்லூரி நண்பர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். மணப்பந்தலுக்கு வந்த முதியவர், உன் பாட்டன் எனக்கு எழுதிக் கொடுத்த அடிமை ஓலை இது என்று காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்து விடுகிறார். முதியவரோ கலங்கவில்லை, கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அங்கே ஓலை படிக்கப்படுகிறது. பாட்டனாரின் கையெழுத்து அவர் எழுதிய வேறோர் எழுத்தோடு ஒப்பிடப்படுகிறது. அதன் பிறகே தீர்ப்பு. பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டிலேயே ஓர் உரிமையியல் வழக்கின் நடைமுறையை நமக்குக் காட்டியிருக்கிறார். மூலம், நகல், கையொப்பம், சாட்சி, ஒப்பீடு ஆகிய இவற்றில் எது இன்றைய முன்சீப் கோர்ட்டில் இல்லை?

அந்த ஓலையின் உறுப்புகளும் இன்றைய பத்திரத்தின் உறுப்புகளும் ஏறத்தாழ ஒன்றே. எழுதிக் கொடுப்பவர் இன்னார், எழுதி வாங்குபவர் இன்னார், கொடுப்பது இன்னது, வழிவழியாக இது செல்லும், இதற்குச் சாட்சிகள் இன்னின்னார். சட்டம் மாறியிருக்கிறது, அரசு மாறியிருக்கிறது, ஓலை போய் முத்திரைத்தாள் வந்திருக்கிறது. சட்டகம் மட்டும் அப்படியே நிற்கிறது. பெயரும் ஊரும் தொகையும் எல்லையும் மாறும், மற்றவை மாறா. இந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான் இப்போது வழக்கறிஞர் அலுவலகங்களுக்குள் நுழைந்து கொண்டிருக்கும் ஆவணத் தானியக்க மென்பொருள். பகலில் இக்கல்லூரியிலும் மாலையில் ஒரு வக்கீல் அலுவலகத்துத் தட்டச்சு மேசையிலுமாக இரண்டு ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், அதைப் பற்றி என் கருத்தைச் சொல்ல முன்வருகிறேன். முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன்: அந்த மென்பொருள் வரட்டும், ஆனால் அதற்குக் கொடுக்கக் கூடாத ஒரு வேலை இருக்கிறது.

முதலில் அது செய்வது என்ன என்று பார்ப்போம். அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் ஒரு மாதிரிப் படிவத்தைத் தயாரிக்கிறார். பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு குறி, தொகை வர வேண்டிய இடத்தில் ஒரு குறி. அதோடு சில நிபந்தனைகளையும் எழுதி வைக்கிறார். வாரிசுகளில் யாரேனும் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் காப்பாளர் பற்றிய பத்தி சேர வேண்டும். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். வாரிசுகள் ஐவர் என்றால் ஐந்து முறை அந்த வரி வர வேண்டும். பிறகு அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் என் போன்றவன் திரையில் வரும் கேள்விகளுக்கு விடை எழுதிக் கொண்டே போனால் போதும். கடைசியில் முழு ஆவணமும் வந்து விழும். ரூ. 4,75,000 என்று எண்ணில் எழுதினால் எழுத்திலும் அதுவே போட்டுக்கொள்ளும். சென்ட் கணக்கைக் கொடுத்தால் ஒரு சென்டுக்கு 435.6 சதுர அடி என்று பெருக்கிப் போட்டுவிடும். இரவு எட்டு மணிக்கு மேல் இந்தப் பெருக்கலைக் கையால் செய்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இது ஏதோ நேற்று முளைத்த சங்கதி என்று யாரும் எண்ண வேண்டாம். நம் நாட்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் 1908ஆம் ஆண்டினது. அதன் முதல் அட்டவணையின் பின்னிணைப்பைப் புரட்டிப் பாருங்கள். கடன் வசூலுக்கு ஒரு மாதிரிப் பிராது, விற்ற சரக்கின் விலைக்கு ஒரு மாதிரிப் பிராது என்று வரிசையாக இருக்கும். வாதியின் பெயர் ஏ.பி., பிரதிவாதியின் பெயர் சி.டி. பொருந்துகிற இடத்தில் இந்தப் படிவங்களையே பின்பற்ற வேண்டும், பொருந்தாவிட்டால் இவற்றை ஒட்டியே எழுத வேண்டும் என்று ஆறாவது கட்டளையின் மூன்றாவது விதி கூறுகிறது. ஆக, அச்சில் வார்த்தாற் போல் எழுது என்று வழக்கறிஞருக்குச் சொன்னது கணிப்பொறியன்று, சட்டமே.

இயந்திரத்தின் வரலாறும் நாம் நினைப்பதைவிடப் பழையது. 1964இல் ஐ.பி.எம். நிறுவனம் காந்த நாடா பொருத்திய தட்டச்சுப் பொறியை வெளியிட்டது. ஒரு முறை அடித்த பத்தியை மறுமுறை தானே அடிக்கும். திரும்பத் திரும்ப ஒரே வாசகத்தை அடித்துத் தள்ளும் இடங்களுக்கென்றே செய்தது போன்ற பொறி அது. வக்கீல் அலுவலகத்தைவிடப் பொருத்தமான இடம் வேறு ஏது? 1970களின் இறுதியில் அமெரிக்க வழக்கறிஞர் அறக்கட்டளையில் ஜேம்ஸ் ஸ்ப்ரௌல் என்பவர், சட்ட விதிகளைக் கணிப்பொறிக்குப் புரியும்படி எழுதி அதைக் கொண்டு ஆவணம் தயாரிக்கும் ஒரு முறையை உருவாக்கி, 1979இல் அது பற்றி எழுதினார். அதே காலத்தில் யூட்டா மாநிலத்துப் பிரிகம் யங் பல்கலைக் கழகத்துச் சட்டக் கல்லூரியிலும் இம்முயற்சி நடந்தது. அதன் வழியில் வந்ததுதான் 1990களில் விற்பனைக்கு வந்த ஹாட்டாக்ஸ் என்னும் மென்பொருள். இதை வரலாற்று மாணவன் என்ற முறையில் ஒரு சிறு மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்: இந்தத் துறையின் விதை வணிக நிறுவனத்தில் மட்டும் விழவில்லை, கல்லூரி வளாகத்திலும் விழுந்தது.

இனி நம் மொழிக்கு வருவோம். ஆங்கிலப் படிவத்தில் பெயரை அப்படியே கொண்டுபோய்ச் செருகலாம்; முன்னும் பின்னும் உள்ள சொற்கள் அசையா. தமிழில் அது நடக்காது. சேலம் என்று விடை கொடுத்தால் 'சேலம்இல்' என்றா அச்சிடுவது? சேலத்தில் என்று வர வேண்டும். ஈரோடு ஈரோட்டில் ஆகிறது. மதுரை மதுரையில் ஆகிறது. தஞ்சாவூர் தஞ்சாவூரில் ஆகிறது. வேற்றுமை உருபு ஏறும்போது பெயரின் வால் மாறிவிடுகிறது. நன்னூலைப் படித்திராத மென்பொருள் இங்கே திணறுவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிற நாட்டு மென்பொருள்கள் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். நம்மவருக்குத் தலைப்பெழுத்தும் பெயரும்தான் உண்டு. அதனால் தந்தையின் பெயரே குடும்பப் பெயராகி, இறந்து போன தந்தைக்கே நோட்டீசு எழுதியது போல் ஓர் ஆவணம் வெளிவரும். இலட்சம், கோடி தெரியாத மென்பொருள் நானூற்று எழுபத்தைந்து ஆயிரம் என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கும்.

ஆனால் நம் பழைய பத்திர எழுத்தர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் வியப்பு. அவர்கள் நடையை நாம் பரிகாசம் செய்கிறோம். 'முருகன் என்பவருக்கு', 'சேலம் என்னும் ஊரில்', 'மேற்படியார்', 'மேற்படி சொத்தை' என்று ஏன் சுற்றி வளைத்து எழுத வேண்டும் என்று கேட்கிறோம். ஏன் என்று இப்போது தெரிகிறதல்லவா? 'என்பவர்' என்ற சொல் உருபைத் தான் தாங்கிக்கொண்டு பெயரை மூலவடிவில் காப்பாற்றுகிறது. முருகன் இருந்த இடத்தில் மாரியம்மாள் வந்தாலும், அப்துல் காதர் வந்தாலும், அந்தோணி வந்தாலும் வாக்கியம் உடையாது. அது கொச்சை நடையன்று. வெற்றிடம் விட்டு எழுதத் தெரிந்தவர்கள் கண்ட நடை. புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் என்ற தொடர்கள் வேண்டுமா என்பது வேறு கேள்வி. அவற்றை நீக்கிவிட்டுத் தமிழில் எழுத நம் மாணவர்களுக்குத் தெரியும். ஆனால் 'என்பவர்' இருக்கட்டும். நாளைக்குத் தமிழில் இந்த மென்பொருளைச் செய்ய முனையும் கணிப்பொறி அறிவியல் துறை நண்பர்கள், முதலில் ஒரு பழைய கிரயப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவது நல்லது.

மென்பொருளால் உண்மையாகவே நன்மை விளையும் இடம் எது என்றால், என் அனுபவத்தில், காசோலை நோட்டீசு. கணக்கில் பணம் இல்லையென்று திரும்பிய காசோலைக்கு மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். அந்தச் சட்டம் 1881ஆம் ஆண்டினது. இந்தப் பிரிவு 1988இல் சேர்க்கப்பட்டது. இங்கே எல்லாமே நாள் கணக்கு. காசோலை திரும்பிய செய்தி வங்கியிலிருந்து கிடைத்து 30 நாட்களுக்குள் நோட்டீசு கொடுக்க வேண்டும். நோட்டீசு கைக்குக் கிடைத்த பின் 15 நாள் தவணை. அதற்குள் பணம் வராவிட்டால், அதிலிருந்து ஒரு மாதத்திற்குள் நீதிமன்றத்தில் புகார். நீதிமன்றப் புகாரில் ஏற்பட்ட தாமதத்தைத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கச் சட்டத்தில் இடமுண்டு. நோட்டீசுக்கான முப்பது நாளைத் தவறவிட்டால், காசோலையை மறுபடி வங்கியில் போட அவகாசம் மிச்சமிருந்தாலொழிய, அந்த வழி அடைபட்டது போலத்தான். சுவரில் தொங்கும் நாள்காட்டியில் விரலால் எண்ணிக் கொண்டிருந்த வேலையை மென்பொருள் பிழையின்றிச் செய்கிறது. ஞாயிற்றுக்கிழமையையும் பொங்கல் விடுமுறையையும் அது மறப்பதில்லை.

தொகையும் அப்படியே. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. காசோலை ஒரு கோடி ரூபாய்க்கு. நோட்டீசிலோ இரண்டு கோடி ரூபாய் கேட்கப்பட்டிருந்தது. தட்டச்சுப் பிழை என்று வாதாடிப் பார்த்தார்கள். காசோலையில் கண்ட தொகையைத்தான் கேட்க வேண்டும், தட்டச்சுப் பிழை என்பது சமாதானமாகாது என்று கூறி அந்த நோட்டீசு செல்லாது என்றது நீதிமன்றம். ஒரு கோடி ரூபாய்க்கான குற்ற வழக்கு ஓர் இலக்கத்தில் போயிற்று! பழைய நோட்டீசைத் திறந்து, பெயரை மாற்றி, தொகையை மாற்றி, ஓரிடத்தில் மாற்ற மறந்து போவது என்பது எல்லா அலுவலகங்களிலும் தினம் நிகழும் ஆபத்து. தொகையை ஒரே ஒரு முறை கேட்டு வாங்கி, வர வேண்டிய எல்லா இடங்களிலும் தானே இட்டுக்கொள்ளும் முறையில் இந்த ஆபத்து பெரிதும் குறையும். இதற்காகவே நான் மென்பொருளின் கட்சி.

அப்படியானால் குமாஸ்தாவின் கதி என்ன, தட்டச்சு இளநிலை முதுநிலை தேறிவிட்டு வேலை தேடும் நம் தோழர் தோழியர் கதி என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மேலை நாட்டு வழக்கறிஞர்கள் பலர் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். வேலை விரைவாக முடிந்தால் அவர்கள் வருமானம் குறையும். ஆகவே அங்கே இந்த மென்பொருளுக்கு எதிர்ப்பு இருந்தது. கட்சிக்காரருக்கு ஆதாயமும் இருந்தது. நம் ஊரில் நோட்டீசுக்கு இவ்வளவு, பிராதுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுவதே வழக்கம். இங்கே ஒரு மணி நேர வேலை பத்து நிமிடத்தில் முடிந்தால் ஆதாயம் முழுதும் அலுவலகத்துக்கே போகும். கட்சிக்காரர் பழைய தொகையையே எண்ணிக் கொடுப்பார். தட்டச்சரில் ஒருவருக்கு வேலை போகும். பொருளாதாரத் துறை நண்பர்கள் இதை வேறு சொற்களில் சொல்லக் கூடும். நான் கண்டது இதுதான். என் கருத்து என்னவென்றால், தட்டச்சு செய்யும் கை மட்டுமாக இருக்கிற வேலை போகத்தான் போகிறது. அதைக் காப்பாற்ற எந்தச் சங்கத்தாலும் முடியாது. ஆனால் குமாஸ்தா வெறும் கை அல்லர்.

எங்கள் அலுவலகத்துப் பெரிய குமாஸ்தாவை எல்லோரும் அண்ணன் என்றே அழைப்போம். முப்பது ஆண்டு அனுபவம். தாய்ப் பத்திரத்தைக் கையில் வாங்கியதும் அவர் சொத்து விவரத்தை நகல் எடுக்கச் சொல்லமாட்டார். “தம்பி, வடக்கே கருப்பன் நிலம்னு போட்டிருக்குது. இன்னைக்கு அங்க கருப்பன் இருக்கானா, பஸ் ஸ்டாண்டு இருக்கா? போய்ப் பாத்துட்டு வந்து அடி” என்பார். மென்பொருள் கருப்பனை வைத்தே நூறாண்டு காலம் பத்திரம் எழுதும். எல்லைக்குப் போய்ப் பார்க்கிற கால், வந்தவர் சொல்வதற்கும் பத்திரத்தில் இருப்பதற்கும் இடையே உள்ள இடைவெளியைக் கண்டுபிடிக்கிற காது, இவைதான் குமாஸ்தா. திரையில் கேள்வி கேட்கும் பொறி வந்த பிறகு இந்தக் காலும் காதும் முன்னைவிட அதிகம் தேவைப்படும் என்றே நினைக்கிறேன். ஏனெனில் பொறியிடம் போகும் விடை தவறானால், தவறான ஆவணம் முன்னைவிட அழகாகவும் வேகமாகவும் வெளிவரும்.

இப்போது நான் முதலில் குறிப்பிட்ட, கொடுக்கக் கூடாத வேலைக்கு வருகிறேன். 2002 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி, உரிமையியல் வழக்கில் சாட்சியின் முதல் விசாரணை கூண்டில் வாய்மொழியாக நடப்பதில்லை. சாட்சி சொல்ல விரும்புவதைப் பிரமாண வாக்குமூலமாக எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றத்தின் நேரத்தை மிச்சப்படுத்தவே இந்த ஏற்பாடு, நோக்கம் நல்லதே. ஆனால் அதனால் சாட்சியின் சொல் பிறக்கும் இடம் நீதிமன்றத்திலிருந்து வக்கீல் அலுவலகத்துக்கு மாறிவிட்டது. அங்கே என்ன நடக்கிறது? பிராதில் உள்ள பத்திகளில் 'வாதி' என்ற இடத்தில் 'நான்' என்று மாற்றினால் வாக்குமூலம் தயார். இதைக் கையால் செய்தபோதாவது ஒருவன் வரி வரியாக வாசிக்க வேண்டியிருந்தது. வாசிக்கும்போது எங்கேனும் இடறும், கட்சிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்பான். மென்பொருளில் அதற்கு ஒரே ஒரு பொத்தான். ஒரு நிமிடமும் ஆகாது.

வேறோர் அலுவலகத்தில், சொந்தத் தம்பி மகன் மேல் வழக்குப் போட்டிருந்த ஒரு பாட்டியம்மாளுக்கு அப்படித் தயாரான வாக்குமூலத்தை, ஏதோ ஒரு ஐயத்தால் இளம் வழக்கறிஞர் ஒருவர் வாசித்துக் காட்டியபோது நான் உடனிருந்தேன். பன்னிரண்டு பத்திகள். பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் கேட்டார்: “எல்லாஞ் சரிதான் சாமி. நாஞ் சொன்னது இதுல எங்க இருக்குது?” அவர் சொன்னது, அந்த நிலத்துக் கிணற்றை வெட்டும்போது தன் கணவர் மண் சரிந்து காலை இழந்தார் என்பது. அது பிராதில் இல்லை; படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை; ஆகவே வாக்குமூலத்திலும் இல்லை. கிணறு யாருடைய உழைப்பில் வந்தது என்பதுதான் அந்த வழக்கின் உயிர் என்பது அதன் பிறகே எல்லோருக்கும் உறைத்தது.

படிவம் கேட்காததை மனிதர் சொல்வார்கள். அதைக் கேட்க ஒருவர் உட்கார வேண்டும். சட்டகத்தை மென்பொருளிடம் கொடுங்கள். நாளை, தொகையை, அளவைக் கொடுங்கள். நடந்த கதையை மட்டும் கொடுக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அது இதைவிடக் கடுமையானது. ஒவ்வொரு வாக்குமூலத்தின் அடியிலும், ஒவ்வொரு பத்திரத்தின் இறுதியிலும் ஒரு வாக்கியம் உண்டு: மேற்கண்டவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டு, நான் விளங்கிக்கொண்டு, சரியென ஒப்புக் கையொப்பமிடுகிறேன் என்று. கைநாட்டு வைப்பவர்களுக்கு இந்த வாக்கியம்தான் ஒரே காவல். இதுவும் படிவத்தில் இருக்கிறது. அதாவது, யாரும் எதையும் யாருக்கும் படித்துக் காட்டுவதற்கு முன்பே, படித்துக் காட்டப்பட்டது என்ற சான்று அச்சாகி வந்துவிடுகிறது. கையால் எழுதிய காலத்திலும் இந்தப் பொய் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாளில் பத்து என்பது வேறு, ஒரு நாளில் நூறு என்பது வேறு.

இது எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. வீட்டுக் கடன் நெருக்கடியின்போது கட்ட முடியாதவர்களின் வீடுகளைப் பறிமுதல் செய்ய வங்கிகள் நீதிமன்றங்களில் இலட்சக்கணக்கில் ஆவணங்களைக் குவித்தன. ஒவ்வொன்றிலும், இக்கணக்கு விவரங்களை நான் நேரில் அறிவேன் என்று ஓர் ஊழியரின் பிரமாணம். 2010இல் குட்டு வெளிப்பட்டது. மாதத்துக்கு ஆயிரக்கணக்கான தாள்களை வாசிக்காமலே கையெழுத்திட்டுத் தள்ளியதாக அந்த ஊழியர்களே விசாரணையில் ஒப்புக்கொண்டார்கள். இயந்திரக் கையெழுத்து என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. 2012 பிப்ரவரியில் ஐந்து பெரிய வங்கிகள் 49 மாநிலங்களோடும் நடுவண் அரசோடும் 2,500 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. கவனியுங்கள்: அங்கே கையெழுத்திட்டது மனிதக் கைதான். ஆவணம் வந்த வேகத்துக்கு மனிதன் தன்னை இயந்திரமாக்கிக் கொண்டான்.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் ஒரு சொல். பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்கிறார்கள். நான் இதுவரை சொன்ன மென்பொருள் மந்தமானது. எழுதி வைத்ததைத்தான் எழுதும். புதியதோ தானே வாக்கியம் புனையும். 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்தின் மேல் போடப்பட்ட வழக்கில், சாட்ஜிபிடி கற்பித்துக் கொடுத்த, உலகில் எங்குமே இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். நம் நாட்டில் கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்கள் இக்கருவிகளை எவ்வாறு பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று கொள்கையே வகுத்து வெளியிட்டது. வக்கீல் அலுவலகத்துக்கு எது வேண்டும் என்று என்னைக் கேட்டால், மந்தமானதே போதும் என்பேன். கற்பனை வளம் நம் ஆண்டு மலருக்கு வேண்டும், வக்காலத்துக்கு வேண்டாம்.

வழக்கறிஞர் தொழிலே போய்விடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு டெக்சாஸ் மாநிலத்துக் கதை ஒன்று. அங்கே உயில், ஒப்பந்தம் முதலியவற்றை வீட்டிலிருந்தே தயாரிக்க உதவும் குவிக்கன் ஃபேமிலி லாயர் என்ற மென்பொருள் விற்கப்பட்டது. உரிமம் இல்லாமல் வக்கீல் தொழில் செய்கிறது அந்த மென்பொருள் என்று வழக்குப் போட்டார்கள். 1999 தொடக்கத்தில் நீதிமன்றம் அதை ஏற்று விற்பனைக்குத் தடை விதித்தது. ஆனால் அதே ஆண்டிலேயே மாநிலச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது: வழக்கறிஞரின் ஆலோசனைக்கு இது மாற்றன்று என்று தெளிவாக அறிவித்துவிட்டு விற்றால் அது வக்கீல் தொழிலாகாது என்று. மேல்முறையீட்டில் தடையும் நீங்கியது. சட்டமன்றம் செய்ததே சரி என்பது என் துணிபு. படிவம் எந்தத் தொழிலாளருடைய தனிச் சொத்துமன்று. நம் பதிவுத்துறையே தன் இணையதளத்தில் மாதிரிப் பத்திரங்களைத் தமிழில் பொதுமக்களுக்காக வைத்திருக்கிறதே!

அதையே இன்னும் ஓர் அடி முன்னே கொண்டு செல்லலாம். பிலடெல்பியாவில் ஏழைகளுக்கான சட்ட உதவி அமைப்பில் பணிபுரிந்த ஒரு வழக்கறிஞர் டாக்அசெம்பிள் என்ற மென்பொருளை எழுதி உலகுக்கு இலவசமாகவே கொடுத்திருக்கிறார். யாரும் எடுத்துத் தம் மொழிக்கு ஏற்ப மாற்றிக் கொள்ளலாம். நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட பழங்குடி மக்களுக்கும், குறைந்த வருமானம் உள்ளோருக்கும் இலவச சட்ட உதவி உரிமையாகவே உண்டு. வட்ட அளவில்கூட அதற்குக் குழு இருக்கிறது. நம் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது, கணிப்பொறி அறிவியல் துறை இருக்கிறது. ஜீவனாம்ச மனுவுக்கும் வாரிசுச் சான்று விண்ணப்பத்துக்கும் தமிழில் கேள்வி கேட்டுத் தமிழில் எழுதித் தரும் ஒரு கருவியை இரு துறையும் சேர்ந்து செய்தால் என்ன? வல்லினம் மிகும் இடத்தைப் பற்றி இவர்கள் பேசட்டும். நிபந்தனைக் கூற்றைப் பற்றி அவர்கள் பேசட்டும். வழக்கறிஞர் ஒருவர் சரிபார்க்கட்டும்.

செய்தால், அதில் ஒரு சிறு மாற்றத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். படித்துக் காட்டப்பட்டது என்ற அந்த வாக்கியம் படிவத்தில் தயாராக இருக்கக் கூடாது. ஆவணம் அச்சான பின் அந்த இடம் வெறுமையாக நிற்க வேண்டும். படித்துக் காட்டியவர் யார், எந்த நாளில், எந்த மணிக்கு, எந்த மொழியில் என்ற நான்கு விடைகளைப் படித்துக் காட்டியவரே தம் பெயரோடு நிரப்பிய பிறகுதான் மென்பொருள் அந்த வரியைக் கொடுக்க வேண்டும். நிரல் எழுதத் தெரிந்த ஒரு மாணவருக்கு இது அரை மணி நேர வேலை என்று சொல்கிறார்கள். அண்ணனிடம் இந்த யோசனையைச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “கூடவே இன்னொண்ணும் கேக்கச் சொல்லு தம்பி. கேட்டுட்டு அவங்க என்ன சொன்னாங்கன்னு” என்றார். அதற்கும் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். அதன் நீளம் எவ்வளவு என்பதைத்தான் முன்கூட்டியே சொல்ல முடியவில்லை.